சங்கிலியின் எடை

ஒருவர் மற்ற மனிதர்களைப் புரிந்துகொள்வதையே தொழிலாக எடுத்துக்கொள்கிறார். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் போட்ட சோற்றைத் தின்று, யாருக்கு யார் என்ன உறவு, எந்தச் சொல்லுக்கு யாருக்குக் கோபம் வரும், எந்தச் சாமிக்கு யாருக்குப் பயம் என்றெல்லாம் தெரிந்துகொள்கிறார். பிறகு தெரிந்துகொண்டதை ஒரு ராணுவத்திடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இதில் தவறு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது? தவறு இருக்கிறது என்று சொல்ல நம்மில் யாருக்கும் தயக்கமில்லை. இடத்தைக் காட்டு என்றால்தான் தடுமாறுகிறோம். தடுமாறுவது நல்லது என்றே எனக்குப் படுகிறது. சுலபமாகச் சொல்லப்படும் கண்டனம் பெரும்பாலும் சொல்கிறவனின் சௌகரியத்துக்காகவே சொல்லப்படுகிறது.

நம் காலத்து உதாரணம் மான்ட்கோமெரி மெக்ஃபேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர். யேல் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வு வட அயர்லாந்துச் சண்டையைப் பற்றியது. 2006 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படை வெளியிட்ட கிளர்ச்சி எதிர்ப்புக் கையேட்டில் அவருக்கும் பங்குண்டு. அதை ஒட்டி வந்த திட்டத்தில் அவர் மூத்த சமூக விஞ்ஞானியாக இருந்தார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படைப்பிரிவுகளோடு சமூக விஞ்ஞானிகளை அனுப்பி, ஊர்க்காரர்களோடு பேசவைத்து, அந்தத் தகவலைத் தளபதிகளுக்குத் தருவது திட்டம். முதல் குழு 2007-இல் ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்துக்குப் போயிற்று. 2014-இல் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் குழுக்களில் இருந்த ஆய்வாளர்கள் மூன்று பேர் உயிரிழந்திருந்தார்கள். மெக்ஃபேட் பிறகு அமெரிக்கக் கடற்படைப் போர்க் கல்லூரியில் பேராசிரியரானார். தனக்கு முன்னால் இதே வேலையைச் செய்தவர்களைப் பற்றி 2018-இல் ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

அவருடைய வாதத்தை அலட்சியமாக ஒதுக்க முடியாது. படை எப்படியும் போகத்தான் போகிறது. எதுவும் தெரியாமல் போகும் படை தெரிந்து போகும் படையைவிட அதிகம் கொல்லும். ஆகவே தெரிந்தவர்கள் கூடப் போவதே தர்மம் என்கிறது அந்த வாதம். அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு 2007 அக்டோபர் 31-ஆம் தேதி இதை ஏற்க மறுத்து அறிக்கை விட்டது. துப்பாக்கி ஏந்தியவர்களோடு வந்து கேட்கிறவருக்கு ஊர்க்காரர் தரும் சம்மதம் சம்மதமாகாது, சொன்ன தகவலைக் கொண்டு சொன்னவரையே குறிவைக்க முடியும் என்பவை அதன் காரணங்கள்.

திட்டத்தின் பெயரைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். மனித நிலப்பரப்பு. மலை, ஆறு, காடு என்பதுபோல மனிதர்களும் ஒரு பரப்பு. நிலத்தைப் படிக்கிற படை அதன்மேல் நடந்து போவதற்காகவே படிக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு இது உறைத்ததா என்று தெரியவில்லை.

இதை அமெரிக்கர்களின் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடலாம். எனக்கு முடியவில்லை. இதை நான் காரைக்குடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஊரில், மானிடவியல் என்ற துறையே பிறக்காத காலத்தில், இந்த நாடகம் ஒரு தடவை முழுதாக நடந்து முடிந்திருக்கிறது.

*

ஊரின் பெயர் அரண்மனை சிறுவயல். பெயரில் இருக்கிற அரண்மனை சின்ன மருதுவுடையது. 1790-களில் கும்பினியின் சென்னைப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரிக்கு மருது சகோதரர்களின் பழக்கம் ஏற்படுகிறது. எடின்பரோவில் 1775-இல் பிறந்தவர்; இருபது வயதுப் பையன் என்றே சொல்லவேண்டும். பெரிய மருது வேட்டைப் பிரியர். வெள்ளைக்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப்போவார். சின்ன மருது ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர். காவல் இல்லாத அவருடைய மாளிகைக்குள் யாரும் போகலாம், வரலாம் என்று வெல்ஷ் வியக்கிறார். மதுரையில் இருந்த வெல்ஷுக்குச் சிறுவயலிலிருந்து நல்ல அரிசியும் பழங்களும் வரும். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான்.

இதெல்லாம் வேவுக்காரனின் ரகசியக் குறிப்பிலிருந்து கிடைத்ததல்ல. நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான சேவைக்குப் பிறகு, 1830-இல் லண்டனில் இரண்டு பாகங்களாக வெளியான தன் ராணுவ நினைவுகளில் வெல்ஷே எழுதியிருப்பது. எழுத்தில் பாசாங்கு இல்லை. அந்த மனிதரை அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. வீட்டுக்குப் போனார், கவனித்தார், கைத்திறனைக் கற்றார், எழுதி வைத்தார். கள ஆய்வு என்ற சொல் பின்னால் வந்தது, காரியம் இதுதான்.

1801-இல் வெல்ஷ் இதே சீமைக்குள் கர்னல் அக்னியூவின் படையோடு வருகிறார். ஜூலை முடிவில் படை சிறுவயலை நெருங்கியபோது ஊர் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்கு விடக்கூடாதென்று ஊர்க்காரர்களே வைத்த தீ. அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முனைந்தார்கள். ஆகஸ்ட் முழுவதும் வெட்டினார்கள். காடு விடவில்லை. செப்டம்பர் ஆரம்பத்தில் கோடரியைக் கீழே போட்டார்கள்.

கோடரியால் முடியாததை வேறொன்று செய்தது. மருது சகோதரர்கள் சிவகங்கை அரச வம்சத்தில் பிறந்தவர்கள் அல்லர். முத்துவடுகநாதரிடம் ஊழியம் பார்த்து, அவர் 1772-இல் காளையார்கோயிலில் விழுந்த பிறகு வேலு நாச்சியாருக்குத் துணை நின்று, ஆட்சியைக் கையில் பெற்றவர்கள். ஜனங்களின் மனசில் வம்சத்துக்கென்று தனி இடம் இருப்பதைக் கும்பினி தெரிந்துகொண்டது. வம்சத்தோடு உறவு சொல்லக்கூடிய படமாத்தூர் கௌரிவல்லப உடையத்தேவரைத் தேடிப் பிடித்து, அதே செப்டம்பரில் சோழபுரத்தில் ஜமீன்தாராகப் பட்டம் கட்டியது. மருதுவின் பக்கமிருந்து ஆட்கள் பிரியத் தொடங்கினார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோயில் வீழ்ந்தது. 24-ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். தனக்கு வளரி கற்றுக்கொடுத்தவரைக் காட்டுமிருகம்போல விரட்டியதையும், தொடையில் காயத்தோடு அவர் பிடிபட்டதையும், கடைசியில் தூக்குமரத்தில் பார்த்ததையும் வெல்ஷ் மறைக்காமல் சொல்கிறார்.

அடுத்த வருஷம், 1802 பிப்ரவரி. கிளர்ச்சிக்காரர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குக்கு நாடு கடத்தத் தூத்துக்குடியில் கப்பல் நிற்கிறது. கைதிகளில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். பதினைந்து வயது. கைதிகள் வெல்ஷின் பொறுப்பில் இருந்தார்கள். பையனின் சங்கிலியை இலகுவாக்க அவரால் முடிந்தது, இலகுவாக்கினார். சிறையை நீக்க அவரால் முடியவில்லை.

*

தவறு எங்கே?

பொய்யில் என்று முதலில் தோன்றும். 1919 டிசம்பரில் ஃப்ரான்ஸ் போவாஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். முதல் உலகப்போரின்போது நான்கு மானிடவியலாளர்கள் ஆய்வு செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மத்திய அமெரிக்காவில் உளவு பார்த்தார்கள், இது விஞ்ஞானத்தையே விலைபேசுவது என்று சாடினார். பெயர்களைச் சொல்லவில்லை. பத்து நாளில் சங்கம் கூடி இருபதுக்குப் பத்து என்ற வாக்கில் கண்டித்தது. கண்டனம் உளவு பார்த்தவர்கள் மேலல்ல, போவாஸ் மேல். அதைத் திரும்பப் பெற 2005 வரை ஆயிற்று. போவாஸின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது நம் கேள்விக்குப் போதாது. வெல்ஷ் பொய் சொன்னவர் இல்லை. கும்பினி உத்தியோகஸ்தன் என்பது அவர் சட்டையிலேயே தெரியும். மெக்ஃபேட்டின் குழுக்களும் சீருடையில்தான் போயின. பொய் இல்லாத இடத்திலும் இந்தத் தவறு நடக்கிறது.

அப்படியானால் சீருடையிலா? இதுவும் நிற்காது. எட்மண்ட் லீச் 1939-இல் பர்மாவின் கச்சின் மலைகளுக்கு ஆய்வுக்குப் போனவர். யுத்தம் வந்தது, பர்மா ராணுவத்தில் சேர்ந்தார். ஜப்பானியருக்கு எதிராகக் கச்சின்களைச் சேர்த்துக்கொண்டு காட்டில் திரிந்தார். குறிப்புகள் எல்லாம் யுத்தத்தில் தொலைந்தன. நினைவிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் மீட்டு 1954-இல் வெளியிட்ட புத்தகம் அந்தத் துறையின் பெரிய புத்தகங்களில் ஒன்று. அவரும் சாம்ராஜ்யத்தின் படையில்தான் இருந்தார். ஆனாலும் யாரைப் படித்தாரோ அவர்களோடு ஒரே பள்ளத்தில் படுத்திருந்தார். அவர் கச்சின்களைக் காட்டிக்கொடுத்தார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பிறகு, அறிவு உபயோகப்பட்ட விதத்தில் என்று சொல்லலாம். வெல்ஷ் கற்ற வளரி மருதுவின் மேல் வீசப்பட்டதாக எந்தச் செய்தியும் இல்லை. உபயோகப்பட்ட அறிவு வம்சம் பற்றியது. அதை வெல்ஷ்தான் சொன்னார் என்பதற்கும் ஆதாரமில்லை. அது சீமை முழுக்கத் தெரிந்த சங்கதி, சந்தையில் நிற்கும் யாரும் சொல்லியிருப்பார்கள். ஆக, குறிப்பிட்ட ஒரு தகவலைக் காட்டி இதுதான் துரோகம் என்று விரல் வைக்க முடியவில்லை. இருந்தும் வெல்ஷின் பக்கங்களைப் படிக்கிறபோது வயிற்றில் ஏதோ புரள்கிறது. அவருக்கும் புரண்டிருக்கிறது. இல்லாவிட்டால் முப்பது வருஷம் கழித்து அதை எழுதியிருக்க மாட்டார்.

நான் வந்து சேர்ந்திருக்கிற இடம் இது. மனிதன் மனிதனுக்குச் சொல்கிற எதற்கும் ஒரு முகவரி இருக்கிறது. அரிசியும் பழமும் அனுப்பினாரே, அது மதுரையிலிருந்த ஒரு பையனுக்கு அனுப்பியது. கும்பினிக்கு அனுப்பியதல்ல. வளரியைப் பிடிக்கும் விதத்தை அவன் கைமேல் கை வைத்து அவனுக்குக் காட்டியது. வீட்டின் வாசல் திறந்திருந்தது, வருகிறவன் மனிதனாக வருகிறான் என்ற நம்பிக்கையில். அந்த மனிதன் வேறொருவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாக இருக்கிறபோது, கொடுத்தவருக்குத் தெரியாமலே முகவரி மாறிவிடுகிறது. பையன் மனசார நண்பனாக இருப்பதால் மாற்றம் நின்றுவிடுவதில்லை. நட்பு நிஜமாக இருக்க இருக்க வாசல் இன்னும் அகலமாகத் திறக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க மானிடவியல் சங்கம் 1971-இல், வியட்நாம் யுத்த காலத்தின் சண்டைகளுக்கு நடுவே, தன் உறுப்பினர்களுக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. யாரைப் படிக்கிறோமோ அவர்களுக்குத்தான் முதல் கடமை என்றது. முதல் என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். சிப்பாயின் முதல் கடமை எங்கே என்பது அவன் சேர்ந்த அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. இரண்டு முதல்கள் இருக்க முடியாது. இரண்டும் ஒத்துப்போகிற வரைக்கும் ஒருவன் நிம்மதியாகத் தூங்கலாம். லீச்சுக்குக் கச்சின் மலையில் ஒத்துப்போயிற்று. அது அவருடைய அதிர்ஷ்டம். வெல்ஷுக்கு 1801-இல் ஒத்துப்போகவில்லை.

*

இனி அந்தச் சங்கிலி. மெக்ஃபேட்டின் வாதம் முழுவதும் அந்தச் சங்கிலியில் அடங்கியிருக்கிறது. வெல்ஷ் அங்கே இல்லாமல் வேறு யாராவது இருந்திருந்தால் பையனின் காலில் கனத்த இரும்பே கிடந்திருக்கும். பழகியவர் இருந்தார், எடை குறைந்தது. இதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. கட்டுரை எழுதுகிறவனுக்குச் சங்கிலி ஓர் உருவகம். பதினைந்து வயதுக் கணுக்காலுக்கு அது இரும்பு. அங்கே ஒவ்வொரு ராத்தலும் கணக்கு.

ஆனால் ஒரு தொழில் வாழ்க்கை முழுவதையும் அதன்மேல் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. கட்டிப் பார்த்த ஒருவர் உண்டு. ஜெரால்ட் ஹிக்கி. 1950-களிலிருந்தே வியட்நாமில் ஆய்வு செய்தவர். மலைவாழ் மக்களின் பாஷைகளும் வாழ்க்கையும் அவரளவுக்குத் தெரிந்த அமெரிக்கர்கள் அபூர்வம். யுத்த காலத்தில் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் ஆளாக அங்கேயே இருந்தார். 1964-இல் நாம் தோங் முகாம் தாக்கப்பட்டபோது உள்ளே சண்டைக்கு நடுவில் இருந்தார். மலைமக்களை அவர்கள் ஊர்களிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்துவதை எதிர்த்தார். சமரசம்தான் வழி என்று அறிக்கை அறிக்கையாக எழுதினார். அறிக்கைகளைப் படித்தார்கள். குடிபெயர்ப்பும் நடந்தது, யுத்தமும் நடந்தது. ஊர் திரும்பியபோது, ராண்ட் தொடர்பைக் காட்டி, அவர் படித்த சிக்காகோ பல்கலைக்கழகமே அவருக்கு வேலை தர மறுத்தது. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அவர் கதை முக்கியம்.

அந்தக் கதை காட்டுவது இதை. ராணுவம் மானிடவியலாளரிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: எப்படி? எப்படி உள்ளே போவது, எப்படிப் பேசுவது, யாரைப் பிடித்தால் யார் வருவார். போகலாமா என்ற கேள்வி வேறு அறையில் வேறு ஆட்களால் தீர்க்கப்பட்டுவிடுகிறது. எப்படி என்பதற்கு அவர் சொல்கிற பதில் எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பயன்படும். போகாதே என்று சொன்னால் அது அவருடைய சொந்த அபிப்பிராயம் என்று கோப்பில் சேரும். எடையைக் குறைக்க அதிகாரம் உண்டு, பூட்டைத் திறக்க அதிகாரம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது: இலகுவான சங்கிலியை அதிக நாள் மாட்டிவைக்கலாம். பூட்டியவனுக்கு உறுத்தாது, பார்க்கிறவனுக்கும் உறுத்தாது. இரக்கமுள்ள ஒருவர் அருகில் இருப்பதே காரியம் தொடர்வதற்கு ஒரு நியாயமாகிவிடுகிறது.

*

இதையெல்லாம் துரைமார்களின் பாவமாக மட்டும் எழுதி முடிப்பது இந்த ஊர்க்காரனுக்கு அழகில்லை. இங்கே நான் பார்க்கிற பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. அங்கே மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜெண்டுகள் பர்மிய பாஷை பேசினார்கள். எந்தக் குடியானவனிடம் எத்தனை ஏக்கர், எந்த மாதம் அறுப்பு, யார் சொன்ன சொல் தவறாதவன் என்பதெல்லாம் அவர்கள் பேரேட்டில் இருந்தது. அந்த அறிவுக்குப் பின்னால் துப்பாக்கி இல்லை, கோர்ட்டு இருந்தது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. நெல் விலை சரிந்து கடன்கள் முறிந்து, 1938-இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்படவில்லை, பணத்தைத்தான் கேட்டார்கள் என்பது வாஸ்தவம். குடியானவனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. தன்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒருவர் தன் நிலத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

எழுதுகிற நாமும் வெளியே நிற்கவில்லை. யாரோ நம்மிடம் மனம் விட்டுச் சொன்னதை எடுத்து அச்சில் ஏற்றுகிறோம். நமக்கு ராணுவம் இல்லை என்பதால் சேதம் குறைவு. முகவரி மாறுவது அதே மாதிரிதான். ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் படிக்கமாட்டார் என்ற தைரியம் எனக்கு எத்தனை தடவை உதவியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், வெல்ஷின் மேல் எறியக் கையில் எடுத்த கல் கனக்கிறது.

*

கதை தூத்துக்குடியோடு முடியவில்லை. 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போக நேர்ந்தது. அவர் தங்கியிருந்த இடத்துக்குத் தளர்ந்துபோன ஒரு கிழவர் வந்தார். யார் என்று கேட்டதற்கு வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, கண்ணீரோடு தன் பெயரைச் சொன்னார். துரைசாமி. கணக்குப்படி முப்பதை ஒட்டிய வயதுதான்.

துரைசாமி குற்றம் சொல்லவில்லை. பழைய தயவை மறக்கவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார். ஊரில் மிஞ்சியிருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கைதிகளிடமிருந்து கடிதம் வாங்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது. வெல்ஷ் வாங்கவில்லை.

சிறுவயலுக்கு வழி தெரிந்த மனிதர் அவர். அந்த வீட்டில் நுழைந்தவர், அந்த வீட்டு அரிசியைச் சாப்பிட்டவர். அந்தச் சீமையைப் பற்றி அவரும் அவரைப் போன்றவர்களும் தெரிந்துகொண்டது எல்லாம் ஒரு திசையில் தங்குதடையின்றிப் போயிருந்தது, கோட்டைக்கும் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும். எதிர்த்திசையில் ஒரு காகிதம், முகவரி எழுதிய ஒரே ஒரு காகிதம், போக முடியவில்லை.

தவறு எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு இன்னும் என்னால் திருத்தமாகப் பதில் சொல்ல முடியவில்லை. எங்கே போய் நிற்கிறது என்பது தெரிகிறது. நமக்கு ஒருவரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று பெருமைப்படுவதற்கு முன்னால், அவர் ஒரு கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்ள நமக்கு அனுமதி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.